உடல்நலமும் அறிவு வளர்ச்சியும்

கற்றல் நோக்கங்கள்

• உணவு, நீர், காற்று, உறக்கம், விளையாட்டு, உரையாடல் ஆகியவை மூளையின் வளர்ச்சியோடு கொண்டுள்ள தொடர்பை அறிதல்.
• தாம் வாழும் ஊரின் சூழலை உற்றுநோக்கி, அதில் நலம் தருவனவற்றையும் தீங்கு தருவனவற்றையும் பகுத்துணர்தல்.
• கட்டுரையைப் படித்துக் கருத்துகளைத் தொகுத்து எழுதும் திறன் பெறுதல்.

நுழையும்முன்

வகுப்பறையில் ஒரு மாணவன் தலையைச் சாய்த்து அமர்ந்திருக்கிறான். ஆசிரியர் கேட்ட வினாவுக்கு அவனால் உடனே விடை கூற இயலவில்லை. அவனை ‘மந்தம்’ என்றும் ‘மக்கு’ என்றும் உடனிருப்போர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். அவன் காலையில் உண்டானா, இரவில் போதிய அளவு உறங்கினானா, அவன் குருதியில் இரும்புச்சத்து குறைந்துள்ளதா, கரும்பலகையின் எழுத்து அவன் கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேட்போர் சிலரே. அறிவு என்பது பிறப்பிலேயே அளந்து வைக்கப்பட்ட ஒன்றன்று. அது உடலோடு சேர்ந்து வளர்வது. அவ்வளர்ச்சிக்கு உதவுவன எவை, தடையாவன எவை என்பதை இப்பாடத்தில் காண்போம்.

ஊரும் மக்களும்

கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயலில் உள்ள குடியிருப்புகளுள் ஒன்று கோரமண்டல். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை செல்லும் கிளை இருப்புப்பாதையில் இப்பெயரில் ஒரு நிலையமும் உண்டு. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் இப்பகுதியில் சுரங்கப் பணியைத் தொடங்கியது. வடஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்திரளாக வந்து, நிலத்தின் அடியில் இறங்கிப் பாறையை உடைத்தனர். 1902இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்னாற்றல் இங்குக் கொண்டுவரப்பட்டது. சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன.

சுரங்கம் மூடப்பட்டபின் வாழ்க்கையின் ஒழுங்கு மாறிற்று. முன்னர்ச் சங்கொலி கேட்டு வேலைக்குச் சென்ற குடும்பங்கள் இப்போது தொடர்வண்டியின் நேரத்தை நோக்கி வாழ்கின்றன. ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் விடியலுக்கு முன் புறப்பட்டு, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குச் சென்று பணியாற்றி, இரவில் வீடு திரும்புகின்றனர். பெற்றோர் புறப்படும்போது பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருப்பர். திரும்பும்போது உணவுக்காகக் காத்திருப்பர். இவ்வாறு பெற்றோரின் பயண நேரம் பிள்ளைகளின் உணவு நேரத்தையும் உறக்க நேரத்தையும் மாற்றியமைக்கிறது. அம்மாற்றம் படிப்பையும் தொடுகிறது. எனவேதான் இப்பாடம் நம் ஊரிலிருந்து தொடங்குகிறது.

மூளை வளரும் காலம்

பிறந்த குழந்தையின் மூளை, வளர்ந்தவரின் மூளை எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இருக்கும். முதல் மூன்று ஆண்டுகளில் அது மிக விரைவாக வளர்ந்து, ஐந்தாறு வயதிற்குள் வளர்ந்தோர் மூளையின் அளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. அளவு நிறைந்தபின்னும் பணி முடிவதில்லை. நரம்பணுக்களுக்கு இடையேயான இணைப்புகள் பெருகுவதும், பயன்படாதவை நீங்குவதும், செய்தியை விரைந்து கடத்த உதவும் கொழுப்புறை நரம்பிழைகளின்மேல் படர்வதும் இருபது வயதைக் கடந்தும் நடைபெறுகின்றன. திட்டமிடுதல், பொறுத்திருத்தல், முடிவெடுத்தல் ஆகியவற்றுக்குரிய நெற்றிப் பகுதியே இறுதியாக முதிர்கிறது.

இவ்வளர்ச்சிக்கு ஆற்றல் மிகுதியாகத் தேவை. வளர்ந்தவரின் மூளை உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கே என்றாலும், ஓய்வுநிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஐந்து வயதுக் குழந்தையின் மூளையோ, நாள் முழுவதும் உடல் செலவிடும் ஆற்றலில் 40 விழுக்காட்டுக்கும் மேல் பயன்படுத்துகிறது. ஆகவே உணவு குறைந்தால் அக்குறையை உடல் மட்டுமன்றி மூளையும் உணர்கிறது.

இதனை நன்கு காட்டிய ஆய்வு ஒன்று நடு அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டுச் சிற்றூர்களில் 1969 முதல் 1977 வரை நடைபெற்றது. சில ஊர்களின் குழந்தைகளுக்குப் புரதம் மிகுந்த கஞ்சியும், வேறு சில ஊர்களின் குழந்தைகளுக்குப் புரதமற்ற இனிப்புப் பானமும் வழங்கப்பட்டன. பல ஆண்டுகளுக்குப்பின் ஆராய்ந்தபோது, குழந்தைப் பருவத்தில் கஞ்சி பெற்றவர்கள் படித்துப் பொருளுணரும் தேர்வுகளில் மேம்பட்டு விளங்கினர். இளமையில் உண்ட உணவின் பயன் பின்னாளின் கற்றலிலும் புலப்பட்டது.

காலை உணவும் கல்வியும்

இரவு உணவுக்கும் மறுநாள் நண்பகல் உணவுக்கும் இடையே பதினைந்து மணி நேரம்வரை இடைவெளி ஏற்படுவதுண்டு. இடையில் காலை உணவு இல்லையெனில், மூளைக்கு வேண்டிய சர்க்கரையை உடல் தன் சேமிப்பிலிருந்தே வழங்க வேண்டியுள்ளது. சேமிப்புக் குறைந்த மெலிந்த பிள்ளைகளுக்கு இது கடினம். அத்தகைய பிள்ளைகள் காலை உணவைத் தவிர்க்கும் நாள்களில், கவனம், நினைவு ஆகியவற்றுக்கான தேர்வுகளில் பின்தங்குவதை ஜமைக்காவில் நடந்த ஆய்வு காட்டியுள்ளது.

பசித்த வயிற்றோடு பயில இயலாது என்பதைத் தமிழகம் நெடுநாள்களுக்கு முன்பே உணர்ந்திருந்தது. 1920ஆம் ஆண்டில், பிட்டி. தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு வழங்கத் தொடங்கியது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் மதிய உணவுத் திட்டம் மாநில அளவில் விரிந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டு மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிவாக்கப்பட்டது. கர்நாடகத்திலும் பள்ளிகளில் மதிய உணவு வழங்கப்படுகிறது. 2013 முதல் ‘க்ஷீர பாக்கியம்’ என்னும் திட்டத்தின்கீழ்ப் பாலும் அளிக்கப்படுகிறது.

தேநீரும் பன்னும் வயிற்றை நிரப்பலாம். காலை உணவின் பணியை அவை நிறைவு செய்யா. முந்தைய இரவே கரைத்து வைத்த கேழ்வரகுக் கூழ், அவித்த பயறு, ஒரு முட்டை, நிலக்கடலை, வாழைப்பழம் ஆகியவற்றுள் இரண்டு இருந்தாலும் போதும். பெற்றோர் வண்டிக்கு விரைந்து செல்லும் வீடுகளில் இவற்றைப் பிள்ளைகள் தாமே எடுத்து உண்ணும் வகையில் வைத்துவிடலாம்.

குருதியில் இரும்பு

இரும்புச்சத்து குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் சிவப்பணுக்களுக்கு இன்றியமையாதது. நரம்பிழைகளின் கொழுப்புறை உருவாகவும், நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறவும் அது வேண்டும். இரும்பு குறைந்த குழந்தை எளிதில் களைப்படையும், கவனம் சிதறும், கற்றதை நினைவில் நிறுத்த இடர்ப்படும். மழலைப் பருவத்தில் நேர்ந்த கடும் குறைபாட்டின் விளைவுகள் பின்னர் மருந்தளித்தும் முழுமையாக நீங்காமல் இருப்பதுண்டு.

2019–21இல் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் குருதிச்சோகை உடையோர் இந்தியாவில் 67.1 விழுக்காடு, கர்நாடகத்தில் 65.5 விழுக்காடு, தமிழ்நாட்டில் 57.4 விழுக்காடு. மூன்று குழந்தைகளுள் இருவருக்கு இக்குறை உள்ள நாட்டில், ‘மந்தம்’ என்று ஒரு பிள்ளையைப் பழிப்பதற்குமுன் அதன் குருதியை ஆய்ந்து பார்ப்பதே அறிவுடைமை. ஐந்து முதல் பதினொரு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு டெசிலிட்டர் குருதியில் 11.5 கிராமுக்குக் குறையாமலும், பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுவரை உள்ளோர்க்கு 12 கிராமுக்குக் குறையாமலும் ஹீமோகுளோபின் இருத்தல் வேண்டும் என உலக நலவாழ்வு அமைப்பு வரையறுத்துள்ளது.

கோலார் மண்ணின் உணவு கேழ்வரகு. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச்சத்து உள்ளது. இரும்புச்சத்தும் உண்டு, ஆனால் தானியத்திலுள்ள சில பொருள்கள் அதனை உடல் ஏற்காதவாறு தடுக்கின்றன. கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டினால் அத்தடை குறையும். களியோடு கீரைக் குழம்பு, எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவற்றைச் சேர்த்துண்டால் அவற்றிலுள்ள உயிர்ச்சத்து ‘சி’ இரும்பை உடல் ஏற்க உதவும். உணவோடு தேநீர் அருந்தினாலோ அவ்வுதவி வீணாகும். ஆகையால் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமேனும் இடைவெளி விடுதல் நன்று.

வயிற்றுப் புழுக்களும் குருதியைக் குறைக்கின்றன. பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் மாத்திரை வழங்கப்படும். வாரந்தோறும் வழங்கும் இரும்புச்சத்து மாத்திரை ஐந்து முதல் ஒன்பது வயதினர்க்கு இளஞ்சிவப்பு நிறத்திலும், பத்து முதல் பத்தொன்பது வயதினர்க்கு நீல நிறத்திலும் இருக்கும். வெறும் வயிற்றில் உண்டால் குமட்டும் என்பதால் பலர் அதனை எறிந்துவிடுகின்றனர். உணவுக்குப்பின் உண்டால் அத்தொல்லை குறையும்.

ஒரு சிட்டிகை உப்பு

அயோடின் மிகச் சிறிய அளவிலேயே உடலுக்குத் தேவை. ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ளோர்க்கு ஒரு நாளைக்கு 120 மைக்ரோகிராம் போதும். அச்சிற்றளவும் கிடைக்காவிடில் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி தன் பணியைச் செய்ய இயலாது வீங்கும். கருவுற்ற தாய்க்கு இக்குறை மிகுந்தால், கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியே குன்றும். தடுக்கக்கூடிய அறிவுக்குறைபாட்டிற்கு உலகில் முதன்மையான காரணங்களுள் ஒன்றாக அயோடின் பற்றாக்குறை கருதப்படுகிறது.

1956ஆம் ஆண்டில் மருத்துவ அறிஞர் ராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும், இன்று இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள காங்ரா பள்ளத்தாக்கில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். அங்குக் கழுத்துக்கழலை மிகுதியாக இருந்தது. சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒரு பகுதிக்கு வெறும் உப்பும் வழங்கினர். ஆறு ஆண்டுகளில் அயோடின் உப்பு பெற்ற பகுதிகளில் கழலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பின்னர் எல்லாப் பகுதிகளுக்கும் அவ்வுப்பு வழங்கப்பட்டது. இந்த ஆய்வே நாட்டின் கழலைத் தடுப்புத் திட்டம் 1962இல் உருவாக அடிப்படையாயிற்று. அயோடின் உப்பை மூடிய கலத்தில் வைத்து, சமையல் முடியும் தறுவாயில் சேர்த்தால் அதன் சத்து வீணாவதில்லை.

நீரும் காற்றும் நிறச்சாயமும்

சுரங்கக் காலத்தில் பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து தங்கவயலுக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டது. இன்று கோலார் மாவட்டத்தின் பல ஊர்கள் ஆழ்துளைக் கிணறுகளையே பெரிதும் நம்பியுள்ளன. இம்மாவட்டத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுந்திருக்கிறது. ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம்வரை இருப்பது ஏற்கத்தக்கது, 1.5 மில்லிகிராமைக் கடக்கலாகாது. மிகுந்தால், பற்கள் உருவாகும் பருவத்திலுள்ள பிள்ளைகளின் பற்களில் வெண்மையான அல்லது பழுப்பான கறை தோன்றும். நெடுங்காலம் பருகினால் எலும்பும் தாக்குறும். 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஃபுளோரைடுக்கும் குழந்தைகளின் குறைந்த நுண்ணறிவு மதிப்பெண்ணுக்கும் தொடர்பு காணப்படுவதாக, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த அமெரிக்க அறிக்கை ஒன்று 2024இல் தெரிவித்தது.

நீரைக் காய்ச்சினால் கிருமிகள் மடியும், ஃபுளோரைடு நீங்காது. நீர் ஆவியாகக் குறையுமாதலால் அதன் செறிவு சற்றே மிகும். எனவே கிணற்று நீரை ஆய்வுக்கூடத்தில் சோதித்தறிதலும், மழைநீரைச் சேமித்தலும், தூய்மிப்பு நிலையத்து நீரைப் பயன்படுத்தலும் தக்க வழிகள்.

தங்கவயலின் மற்றொரு தனித்தன்மை அதன் ‘சயனைடு மலைகள்’. பொன்னைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய பாறைத்தூள், பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்டு மூன்று கோடி டன்னுக்கும் மேல் குவிந்து குன்றுகளாக நிற்கிறது. காற்று வலுக்கும் மாதங்களில் அதன் நுண்துகள் குடியிருப்புகளின்மேல் படிகிறது. மணற்சத்து நிறைந்த நுண்தூசி நுரையீரலுக்கு ஆகாது. இருமலும் இளைப்பும் இரவு உறக்கத்தைக் கெடுக்கும். பள்ளி நாள்களைக் குறைக்கும். வழுக்கிச் சறுக்கி விளையாடத் தூண்டும் அக்குன்றுகள் பிள்ளைகளுக்கு உரிய விளையாட்டிடம் அல்ல. காற்று வீசும் நேரத்தில் சன்னல்களை மூடுதல், துடைப்பத்தால் பெருக்குவதற்கு மாறாக ஈரத்துணியால் துடைத்தல், குடிநீரையும் உணவையும் மூடிவைத்தல், வெளியிலிருந்து வந்ததும் கைகால் கழுவுதல் ஆகியவை வீட்டளவில் செய்யத்தக்கவை. குன்றுகளின்மேல் மரஞ்செடி வளர்த்துத் தூசியை அடக்குதல் அரசும் ஊரும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி.

ஈயம் என்னும் உலோகம் மூளைக்கு நேர்ப்பகை. அதற்குத் தீங்கற்ற அளவு என ஒன்றில்லை என்பது உலக நலவாழ்வு அமைப்பின் கருத்து. உடல் அதனைச் சுண்ணாம்புச்சத்து எனக் கருதி ஏற்றுக்கொள்கிறது. இரும்பும் சுண்ணாம்பும் குறைந்த குழந்தையின் உடல் ஈயத்தை இன்னும் மிகுதியாக ஈர்க்கும். 1999இல் பெங்களூரைச் சேர்ந்த ஜார்ஜ் அறக்கட்டளை இந்தியப் பெருநகரங்களில் நடத்திய ஆய்வில், சோதிக்கப்பட்ட குழந்தைகளுள் பாதிக்கும் மேற்பட்டோர் குருதியில் ஈயம் மிகுந்திருந்தது. 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. 2016ஆம் ஆண்டு விதிகள் வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்கெனக் கட்டுப்படுத்தின. எனினும் பழைய கதவுகளில் உரியும் வண்ணத்திலும், பழைய மின்கலங்களை உடைத்து உருக்கும் இடங்களிலும், நிறமூட்டிய கலப்பட மஞ்சள்தூளிலும் ஈயம் இன்றும் உள்ளது. தரமான மஞ்சள் கிழங்கை வாங்கி அரைத்துக்கொள்வது நம் முன்னோர் வழக்கம். அது இன்றும் பாதுகாப்பானது.

உறக்கமும் திரையும்

உறங்கும்போது மூளை ஓய்ந்துவிடுவதில்லை. பகலில் கற்றவற்றை ஒழுங்குபடுத்தி நிலையான நினைவாக மாற்றும் பணி அப்போது நடைபெறுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வயதினர்க்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினர்க்கு எட்டு முதல் பத்து மணி நேரமும் உறக்கம் வேண்டும். இரவு பதினொரு மணிக்குப் படுத்துக் காலை ஆறு மணிக்கு எழும் பத்து வயதுப் பிள்ளை, ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரக் கடனோடு வகுப்புக்கு வருகிறது. ஐந்து பள்ளி நாள்களில் அக்கடன் பத்து மணி நேரமாகிவிடும்.

பெற்றோர் வருகைக்காகக் காத்திருக்கும் வேளையில் கைப்பேசியே பல பிள்ளைகளுக்குத் துணை. அதன் ஒளி, உறக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் என்னும் சுரப்பைத் தாமதப்படுத்தும். ஒன்றன்பின் ஒன்றாக வரும் குறும்படங்கள் மனத்தை விழிப்பிலேயே வைத்திருக்கும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரை வேண்டா என்றும், இரண்டு முதல் நான்கு வயதினர்க்கு ஒரு மணி நேரத்தைக் கடக்கலாகாது என்றும் உலக நலவாழ்வு அமைப்பு 2019இல் அறிவுறுத்தியது. பெரிய பிள்ளைகளும் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைப்பேசியை வேறோர் இடத்தில் வைத்துவிடுதல் நலம். பெற்றோர் வர இரவாகும் வீடுகளில், பிள்ளைகள் எட்டு மணிக்குள் உண்டு முடிக்கப் பாட்டியோ தாத்தாவோ அண்டை வீட்டாரோ துணைசெய்யலாம். ஒன்றாக அமர்ந்து உண்ணும் இன்பத்தை விடுமுறை நாள்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

விளையாட்டும் பேச்சும்

ஐந்து முதல் பதினேழு வயதினர் நாள்தோறும் அறுபது நிமிடமேனும் உடல் வியர்க்க இயங்க வேண்டும். ஓடியாடும்போது குருதியோட்டம் விரைவாகி மூளைக்கு உயிர்வளி மிகுதியாகச் செல்கிறது; கவனமும் உறக்கமும் மேம்படுகின்றன. திறந்த வெளியில் பகலொளியில் விளையாடுவது கிட்டப்பார்வையைத் தடுக்கவும் உதவும். கரும்பலகை தெரியாத பிள்ளைக்குக் கண்ணாடியும், காதில் சீழ்வடியும் பிள்ளைக்கு மருத்துவமும் கிடைத்தாலே மதிப்பெண் உயர்ந்துவிடுவதுண்டு.

உணவுக்கு இணையான மற்றொரு தேவை உரையாடல். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986–87இல் ஓர் ஆய்வு தொடங்கிற்று. வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள் அதில் இடம்பெற்றனர். நலப் பணியாளர்கள் ஒரு பிரிவினரின் வீடுகளுக்கு வாரந்தோறும் சென்று, வீட்டிலேயே செய்த எளிய விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு குழந்தையோடு பேசி விளையாடுவது எவ்வாறு எனத் தாய்மார்க்குக் காட்டினர். இரண்டு ஆண்டுகள் இவ்வாறு நடந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப்பின் பார்த்தபோது, அப்பிரிவில் வளர்ந்தவர்களின் வருவாய் மற்றவர்களின் வருவாயைவிட 25 விழுக்காடு மிகுந்திருந்தது. அவர்களுக்குக் கிடைத்தவை விலையுயர்ந்த பொருள்கள் அல்ல. பேச்சும் விளையாட்டும் பரிவுமே.

தங்கவயலின் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும் தெலுங்கும், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் கேட்டு வளர்கின்றனர். பல மொழி கேட்டால் குழந்தை குழம்பும் எனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் தேவையற்றது. மூளை பல மொழிகளைத் தாங்க வல்லது. முதல்மொழியில் சொல்வளம் பெற்ற குழந்தை பிற மொழிகளையும் எளிதில் பற்றிக்கொள்ளும். எனவே தாத்தா சுரங்கத்தைப் பற்றிச் சொல்லும் கதையும், பாட்டி கூறும் விடுகதையும், பல்லாங்குழி ஆட்டத்தில் எண்ணும் எண்ணிக்கையும் பொழுதுபோக்கு மட்டுமல்ல; அவையும் மூளைக்கு உணவே.

நிறைவாக

ஒரு பிள்ளை படிப்பில் பின்தங்கும்போது அதன் காரணத்தைத் தேடுவோம். உணவு, குருதி, உப்பு, நீர், காற்று, உறக்கம், கண், காது, விளையாட்டு, பேச்சு என ஒவ்வொன்றாக ஆராய்ந்தால் பெரும்பாலும் திருத்தக்கூடிய ஒன்று அகப்படும். இவற்றுள் சில நம் கையில் உள்ளவை. சில ஊரார் சேர்ந்து கேட்டுப் பெற வேண்டியவை. இரவில் உரிய நேரத்தில் படுப்பது ஒரு மாணவனால் இயலும். தூசிக் குன்றை மரங்களால் மூடுவது ஒருவனால் இயலாது. இவ்விரண்டையும் பிரித்தறிந்து, முன்னதை இன்றே தொடங்குவதும், பின்னதைக் குறித்துப் பேசவும் எழுதவும் கற்பதும் மாணவர் கடமையாகும். நிலத்தின் அடியிலிருந்த பொன்னை முன்னோர் அரும்பாடுபட்டு மேலே கொணர்ந்தனர். அவர்தம் பேரர்களின் அறிவு ஒரு வேளை உணவின்மையாலும் இரண்டு மணி நேர உறக்கக் குறைவாலும் மங்கிப்போகாமல் காப்பது நம் அனைவரின் பொறுப்பு.

சொல்லும் பொருளும்

குருதி – இரத்தம்
குருதிச்சோகை – இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்த நிலை
உயிர்வளி – ஆக்சிஜன்
கழலை – கழுத்தில் தோன்றும் வீக்கம்
தறுவாய் – வேளை, நேரம்
குன்றும் – குறையும்
செறிவு – அடர்த்தி
பரிவு – அன்பு, இரக்கம்

மதிப்பீடு

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் ________ ஆம் ஆண்டு மூடப்பட்டன.
2. கேழ்வரகை ஊறவைத்து ________ இரும்புச்சத்தை உடல் ஏற்பதற்கான தடை குறையும்.
3. காங்ரா பள்ளத்தாக்கு ஆய்வு ________ கலந்த உப்பின் பயனை உணர்த்தியது.
4. நீரைக் காய்ச்சுவதால் ________ நீங்குவதில்லை.

ஆ. குறுவினா

1. தேநீரை உணவோடு சேர்த்து அருந்தலாகாது என்பது ஏன்?
2. ஈயம் மிகுந்துள்ள பொருள்கள், இடங்கள் எவையேனும் மூன்றினைக் குறிப்பிடுக.
3. இரவு உறக்கம் நினைவாற்றலுக்கு எவ்வாறு உதவுகிறது?

இ. சிறுவினா

1. குவாத்தமாலா ஆய்வும் ஜமைக்கா ஆய்வும் உணர்த்தும் உண்மைகளை ஒப்பிட்டு எழுதுக.
2. ‘பல மொழி கேட்டால் குழந்தை குழம்பும்’ என்பாருக்கு நீ கூறும் மறுமொழி யாது?

ஈ. நெடுவினா

பெற்றோர் நாள்தோறும் தொலைவிலுள்ள நகருக்குச் சென்று பணிபுரியும் குடும்பத்தில், பிள்ளைகளின் உணவையும் உறக்கத்தையும் எவ்வாறு ஒழுங்குபடுத்தலாம்? பாடக் கருத்துகளைக் கொண்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

உ. மொழிப்பயிற்சி

பின்வரும் சொற்களைப் பிரித்து எழுதுக: இரும்புச்சத்து, நிலத்தடி, வகுப்பறை, இவ்வளர்ச்சி.

ஊ. கற்பவை கற்றபின்

1. ஏழு நாள்கள் நீ படுத்த நேரம், எழுந்த நேரம், காலையில் உண்ட உணவு ஆகியவற்றை அட்டவணையாக எழுதி, வகுப்பில் நண்பர்களின் அட்டவணையோடு ஒப்பிடுக.
2. உன் வீட்டிற்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது எனக் கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.
3. உன் குடியிருப்பில் தூசியைக் குறைக்க மரக்கன்றுகள் நட வேண்டி, நகராட்சி ஆணையருக்கு ஒரு விண்ணப்பக் கடிதம் எழுதுக.
4. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தை ஆசிரியர் துணையோடு படித்து, உணவைப் பற்றி அது கூறும் கருத்துகளை உன் சொந்த நடையில் தொகுத்து எழுதுக.